திரும்பி வரும் வில்லனும் கைதட்டும் ரசிகரும்: எந்திரன், 2.0 படங்களை முன்வைத்து

அறிமுகம்

முதல் கதையில் தோற்று ஒழிந்த வில்லன், அடுத்த கதையில் மீண்டும் தலைகாட்டும்போது ரசிகர்கள் எழுந்து நின்று விசிலடிக்கிறார்கள். நாயகன் வரும்போது எழும் ஆரவாரத்தைவிடச் சில வேளைகளில் இது பெரிதாக இருக்கும். அறிவியல் புனைகதை சார்ந்த தொலைக்காட்சித் தொடர்களிலும் திரைப்படங்களிலும் இதை அடிக்கடி காணலாம். தீயவன் திரும்பி வந்ததற்கு நாம் ஏன் மகிழ்கிறோம்? அந்த மகிழ்ச்சியில் தவறு உண்டா?

தமிழில் இந்தக் கேள்விக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, இயக்குநர் ஷங்கரின் 'எந்திரன்' (2010), '2.0' (2018) ஆகிய இரு படங்கள். முதல் படத்தில் கொலைகாரனாக மாறிய 'சிட்டி 2.0' என்னும் ரோபோ, இரண்டாம் படத்தில் நகரத்தைக் காக்கும் வீரனாகத் திரும்பி வருகிறது. இரண்டு படங்களும் திரையரங்கில் ஓடி முடிந்த பிறகு தொலைக்காட்சியில் பலமுறை ஒளிபரப்பாயின. இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இவற்றை வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார்கள். ஆகவே இங்கே ரசிகர் என்னும்போது திரையரங்கில் விசிலடித்தவரையும், வீட்டில் தரையில் அமர்ந்து பார்த்தவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறேன்.

திரும்பி வரும் வில்லனை வரவேற்பது தவறன்று, அது நம் கூத்து மரபிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆனால் அவன் தன் பழைய கணக்கையும் சுமந்து வரவேண்டும். '2.0' படத்தில் வில்லனின் முகம் திரும்பி வந்தது, அவனுடைய முறையும் திரும்பி வந்தது, கணக்கு மட்டும் வரவில்லை.

இரு படங்களின் கதை

'எந்திரன்' 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. சன் பிக்சர்ஸ் தயாரித்தது. அதன் வசனத்தில் பெரும்பங்கு ஆற்றிய எழுத்தாளர் சுஜாதா, படம் வெளிவருவதற்கு முன்பே 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்துவிட்டார். விஞ்ஞானி வசீகரன், அவர் உருவாக்கிய ரோபோ சிட்டி என்னும் இரு வேடங்களிலும் ரஜினிகாந்த் நடித்தார்.

கதை எளியது. இராணுவத்துக்கு உதவும் என்று உருவாக்கப்பட்ட சிட்டிக்கு மனித உணர்ச்சிகள் கற்பிக்கப்படுகின்றன. அது வசீகரனின் காதலி சனாவை விரும்பத் தொடங்குகிறது. சினம் கொண்ட வசீகரன் அதை வெட்டிச் சிதைத்துக் குப்பையில் எறிகிறார். விஞ்ஞானி போரா அதை எடுத்துச் சீர்செய்து, அழிவுக் குணம் கொண்ட சிவப்பு சிப் ஒன்றைப் பொருத்துகிறார். இதுதான் 'சிட்டி 2.0'. அது தன்னைப் போலவே நூற்றுக்கணக்கான ரோபோக்களைச் செய்கிறது, போராவைக் கொல்கிறது, காவலர்களைக் கொல்கிறது, சனாவைக் கடத்திச் சிறைவைக்கிறது. இறுதியில் சிவப்பு சிப் அகற்றப்பட, நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன்னைத்தானே ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிக்கொள்கிறது. பின்னர் 2030ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் அதன் தலையைப் பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பதோடு படம் முடிகிறது. ஏன் கழற்றப்பட்டாய் என்னும் கேள்விக்கு, சிந்திக்கத் தொடங்கியதால் என்ற பொருளில் அது விடை சொல்கிறது.

'2.0' 2018 நவம்பர் 29 அன்று வெளியானது. லைகா தயாரித்தது. வசனத்தில் ஜெயமோகன் பங்காற்றினார். இதில் புதிய எதிரி பட்சிராஜன் (அக்‌ஷய் குமார்) ஒரு பறவையியல் அறிஞர். செல்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் அழிகின்றன என்று நம்புகிறவர். மனு கொடுத்தும் போராடியும் யாரும் கேட்காத நிலையில் ஒரு கோபுரத்தில் தூக்கிட்டுக்கொள்கிறார். இறந்த பிறகு செல்பேசிகளையே உடலாகக் கொண்டு பழிவாங்கத் திரும்புகிறார். அவரை அடக்க வசீகரன் சிட்டியை மீண்டும் உயிர்ப்பிக்கிறார். ஒருமுறை பிடிபடும் பட்சிராஜனைப் போராவின் மகன் தப்பவிட, அவர் வசீகரனின் உடலுக்குள் புகுந்துகொள்கிறார். நல்ல சிட்டி தோற்றுச் சிதைகிறது. அப்போது நிலா (ஏமி ஜாக்சன்) என்னும் ரோபோ, சிவப்பு சிப்பைப் பொருத்திச் சிட்டி 2.0-ஐ எழுப்புகிறது. விளையாட்டு அரங்கில் இறுதிச் சண்டை நடக்கிறது.

கைதட்டல் எங்கே விழுந்தது

படம் வெளியான அந்த வாரத்தில் திருவண்ணாமலையில் அதைப் பார்த்தேன். அவ்வாண்டு கார்த்திகை தீபம் நவம்பர் 23. மலையுச்சியில் தீபம் பதினொரு நாள் எரியும் என்பதால், படம் முடிந்து வெளியே வந்தபோதும் மேலே சுடர் தெரிந்தது. என்னுடன் வந்தவர்கள் நான் முன்பு அறிவியல் கற்பித்த மாணவர்கள். இப்போது அவர்களில் சிலருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அரங்கில் நான் கவனித்தது இது. நல்ல சிட்டி மீண்டும் உயிர்பெறும் காட்சிக்குக் கைதட்டல் இருந்தது. அது ரஜினிகாந்துக்கான வழக்கமான கைதட்டல். ஆனால் சிவப்பு சிப் பொருத்தப்பட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, ஏளனச் சிரிப்போடு 2.0 எழுந்தபோது அரங்கமே அதிர்ந்தது. எட்டு ஆண்டுகள் காத்திருந்தது இதற்குத்தான் என்பதுபோல் இருந்தது. திரும்பும் வழியில் என் மாணவர் ஒருவர் சொன்னார்: "சார், படம் முழுக்க 2.0வே வந்திருக்கணும் சார். கடைசியில கொஞ்ச நேரம்தான் விட்டாங்க."

இந்த ஆசை இயல்பானதுதான். 'எந்திரன்' படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற மூன்று நிலைகளில் நடிப்பு மிகுந்து வெளிப்பட்டது மூன்றாவதில்தான். வசீகரன் கடுகடுப்பானவர். நல்ல சிட்டி வெள்ளை மனம் கொண்டது. 2.0-வுக்கு மட்டுமே ஆட்டைப்போல் கத்திக் கேலி செய்யும் துணிவு இருந்தது. ரஜினிகாந்தின் தொடக்க கால வில்லன் வேடங்களை நினைவில் வைத்திருந்த மூத்த ரசிகர்களுக்கு அது பழைய நண்பனைக் கண்டதுபோல் இருந்தது. 'மூன்று முடிச்சு' (1976), '16 வயதினிலே' (1977) போன்ற படங்களில் தீயவனாக நடித்தே அவர் கவனம் பெற்றார் என்பதை இளைய வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஆகவே 2.0 திரும்பி வந்தபோது ஒரு வில்லன் மட்டுமன்றி, ஒரு நடிகரின் மறைந்திருந்த பாதியும் திரும்பி வந்தது.

இரண்டாம் முறை அதே படத்தை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். எங்கள் அடி அண்ணாமலைத் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் உடன் இருந்தார்கள். இறுதிக் காட்சியில் '3.0' என்னும் குட்டி ரோபோக்கள் புறாக்களின் மேல் ஏறி வருகின்றன. வசீகரனின் உடலைவிட்டு வெளியேறாவிட்டால் நாங்கள் வெடிப்போம், இந்தப் புறாக்களும் சாகும் என்று பட்சிராஜனை மிரட்டுகின்றன. பறவைகள் சாவதைப் பொறுக்க முடியாத பட்சிராஜன் வெளியேறுகிறார். 2.0 அவரைப் பிடித்துவிடுகிறது. பையன்கள் குதித்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் மட்டும் கேட்டாள்: "ஏன் சார், புறா என்ன சார் பண்ணுச்சு?"

திரையரங்கில் எனக்கு எழாத கேள்வி அது. நானும் அங்கே சிரித்தவன்தான்.

பணயம் என்னும் பழைய முறை

அந்தப் பெண்ணின் கேள்வியோடு இரு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். 'எந்திரன்' படத்தில் 2.0-வின் முறை என்ன? குற்றமற்ற ஓர் உயிரைப் பிடித்துவைத்து, அவளை நேசிப்பவனைப் பணியவைப்பது. சனா பணயம், வசீகரன் இலக்கு. '2.0' படத்தில் அதே ரோபோவின் தரப்பு என்ன செய்கிறது? குற்றமற்ற உயிர்களைப் பிடித்துவைத்து, அவற்றை நேசிப்பவரைப் பணியவைக்கிறது. புறாக்கள் பணயம், பட்சிராஜன் இலக்கு.

முறை மாறவில்லை. நாம் நிற்கும் பக்கம்தான் மாறியிருக்கிறது. முதல் படத்தில் பணயத்தின் மறுமுனையில் நம் நாயகன் இருந்தார், அதனால் அஞ்சினோம். இரண்டாம் படத்தில் மறுமுனையில் எதிரி இருக்கிறார், அதனால் சிரிக்கிறோம்.

இதைப் படம் உணர்ந்து செய்திருந்தால் அது பெரிய சாதனை. வில்லனைக் கொண்டுதான் வெல்ல முடிந்தது, அதற்கு வில்லனின் விலையைக் கொடுத்தோம் என்று ஒரு பாத்திரமாவது ஒரு நொடி தயங்கியிருக்கலாம். அத்தகைய தயக்கம் எங்கும் இல்லை. பழைய கணக்கை நினைவூட்டுபவர் படத்தில் ஒருவரே. சிட்டியை மீண்டும் உயிர்ப்பிக்கக் கூடாது என்று தொடக்கத்தில் எதிர்க்கும் போராவின் மகன் அவர். தந்தையை அந்த ரோபோவிடம் இழந்தவர் அவர் என்பதை முதல் படம் பார்த்தவர் அறிவர். அந்த எதிர்ப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் படம் அவரை வஞ்சகனாக்கி, அவர் வாயிலிருந்து வந்த நியாயத்தையும் அவரோடு சேர்த்துக் கழித்துவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்வியைக் கெட்டவன் வாயில் வைத்துவிட்டால், யாரும் அதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

இதில் மற்றொரு வாய்ப்பும் நழுவியது. இறுதிச் சண்டையில் படைத்தவனின் உடலுக்குள் எதிரி இருக்கிறான். முன்னாள் எதிரியின் உடல் நகரத்தைக் காக்கிறது. இரு உடல்களும் ஒரே நடிகருடையவை. யார் நல்லவன், யார் தீயவன் என்பதை முகத்தை வைத்துச் சொல்ல முடியாத நிலை. 'எந்திரன்' எழுப்பிய 'கருவி செய்யும் தீமைக்கு யார் பொறுப்பு' என்னும் கேள்வியை மீண்டும் எழுப்ப இதைவிடச் சிறந்த காட்சி அமையாது. அந்த நேரத்தில் வசீகரன் சுயநினைவோடு இல்லாததால், 2.0-வை எழுப்புவதா என்ற முடிவை அவர் எடுக்க நேரவில்லை. பொறுப்பேற்க வேண்டிய ஒரே மனிதரைக் கதை மயக்கத்தில் வைத்துவிட்டது.

கூத்து மரபில் திரும்பி வரும் எதிரி

திரும்பி வரும் வில்லன் என்பது மேல்நாட்டுத் தொடர்களிலிருந்து நாம் கற்றது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. வைகுண்டத்தின் வாயிற்காவலர்களான சயனும் விசயனும் சாபம் பெற்று, இரணியாட்சன் - இரணியனாகவும், இராவணன் - கும்பகருணனாகவும், சிசுபாலன் - தந்தவக்கிரனாகவும் மும்முறை பிறந்து பகைமை செய்ததாகப் புராணம் கூறும். ஒவ்வொரு முறையும் பெயர் வேறு, ஆனால் சாபத்தின் கணக்கு தொடர்ந்து வருகிறது. கந்தபுராணத்தில் சூரபதுமன் அழியாமல் மயிலும் சேவலுமாகி, முருகனின் ஊர்தியாகவும் கொடியாகவும் நிற்கிறான். எதிரியாக இருந்தவன் பணியாளனாக மாறுவதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. ஆனால் வேல் பட்டுப் பிளந்த பிறகே அந்த மாற்றம் நிகழ்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது பாரதக் கூத்து. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். கூத்துக் கலைக்குப் பெயர்பெற்ற புரிசை எங்கள் மாவட்டத்தில்தான் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த கண்ணப்ப தம்பிரான் அக்கலையை வெளியுலகம் அறியச் செய்தவர்களுள் முதன்மையானவர்.

கூத்தில் துரியோதனனும் துச்சாதனனும் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருவர் திரையைப் பிடித்திருப்பார்கள். அதன் பின்னால் சலங்கை ஒலி கேட்கும். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். முன்வரிசைக் குழந்தைகள் அலறுவார்கள், பின்வரிசை இளைஞர்கள் விசிலடிப்பார்கள். சென்ற ஆண்டும் இதே துரியோதனன் இறந்தான், இவ்வாண்டும் வந்துவிட்டான். அவனுக்குக் கிடைக்கும் வரவேற்பு தருமனுக்குக் கிடைப்பதில்லை. திரையரங்கில் 2.0-வுக்கு விழுந்த கைதட்டலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் விழாவின் இறுதியில் படுகளம் உண்டு. மண்ணால் செய்த பேருருவத் துரியோதனன் தரையில் கிடப்பான். வீமன் வேடமிட்டவர் தொடையில் அடிப்பார். திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். முதல் இரவுகளில் பார்த்த துகிலுரிதல் இங்கே வந்து தீர்கிறது. கணக்கு மறக்கப்படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. தொடையில் அடித்தது போர்முறைக்குப் புறம்பானது என்பதைப் பாரதக் கதை மறைக்கவில்லை. பலராமன் சினந்து எழுகிறான். நல்லவர் பக்கம் வென்றபோதும், வென்ற முறையைக் குறித்துக் கேட்பதற்குக் கதைக்குள் ஒருவன் இருக்கிறான். '2.0' படத்தின் புறாக் காட்சியில் அப்படி ஒரு பலராமன் இல்லை. கதைக்குள் இல்லாத அந்த வேலையை எதிர்வீட்டுப் பெண் செய்தாள்.

உலகத் தொலைக்காட்சியில் ஓர் ஒப்பீடு

தொலைக்காட்சி அறிவியல் தொடர்களில் திரும்பி வரும் எதிரிக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ'. இத்தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. டெர்ரி நேஷன் எழுதிய கதையில், அதே ஆண்டு டிசம்பரில் 'டாலெக்' என்னும் எதிரிகள் அறிமுகமாயின. இரும்புக் கூட்டுக்குள் இருந்துகொண்டு, தம்மினம் அல்லாத எல்லா உயிர்களையும் வெறுப்பவை அவை. அக்கதையின் முடிவில் அவை அழிந்துபோயின. ஆனால் பார்த்தவர்களின், குறிப்பாகச் சிறுவர்களின், ஆர்வம் தணியவில்லை. 1964 நவம்பரில் அவை மீண்டும் வந்தன. இம்முறை இலண்டன் நகரையே பிடித்திருந்தன. தேம்ஸ் ஆற்று நீரிலிருந்து ஒரு டாலெக் எழும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. ரசிகரின் எதிர்வினை ஒரு வில்லனை மீண்டும் பிறப்பிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

அதே தொடரில் 2005 ஏப்ரல் 30 அன்று ஒளிபரப்பான 'டாலெக்' என்னும் பகுதி நம் விவாதத்துக்கு மிகவும் உதவும். நீண்ட இடைவெளிக்குப்பின் திரும்பி வரும் டாலெக் அதில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் சங்கிலியில் கட்டப்பட்டு வதைபடுகிறது. அதைக் கண்டதும் நாயகனான டாக்டர் வெறுப்பில் கொதிக்கிறார், அது சாகவேண்டும் என்று கத்துகிறார். நீ நல்லதொரு டாலெக்காக இருந்திருப்பாய் என்ற பொருளில் அது அவரிடம் சொல்கிறது. திரும்பி வந்த வில்லன் நாயகனின் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடிக்கிறான். கணக்கோடு திரும்புதல் என்று நான் சொல்வது இதைத்தான்.

மாறாக, 2010இல் டாலெக்குகளுக்குப் பல வண்ணங்களில் பருத்த புதிய உருவம் கொடுத்தார்கள். பழைய ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2012இல் வெண்கல நிறப் பழைய உருவம் மீண்டும் முன்னிலைக்கு வந்தது. வெறும் தோற்றப் புதுமையை ரசிகர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் இது காட்டுகிறது.

இந்தியத் தொலைக்காட்சியிலும் ரசிகரின் எதிர்வினை ஒரு தொடரின் போக்கை மாற்றியதுண்டு. 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' தொடரைப் பார்த்த குழந்தைகள், நாயகன் வந்து காப்பாற்றுவான் என்று நம்பி ஆபத்தான செயல்களில் இறங்குவதாகச் செய்திகள் வந்தன. அப்படிச் செய்யக்கூடாது என்று முகேஷ் கன்னா திரையிலேயே குழந்தைகளுக்கு அறிவுரை சொன்னார். திரையில் வருவதை இளம் மனம் எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொள்ளும் என்பதை அந்நாட்களில் வகுப்பில் இருந்த ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள்.

பட்சிராஜன்: ரசிகர்களைப் பிரித்த எதிரி

'2.0' குறித்த எதிர்வினையில் மற்றொரு பாதி பட்சிராஜனைப் பற்றியது. படம் பார்த்துத் திரும்பிய பலர், அவர் சொன்னது சரிதானே என்றார்கள். அவருடைய தோற்றம் பறவையியல் அறிஞர் சலீம் அலியை (1896-1987) நினைவூட்டுகிறது. திரும்பி வரும் வில்லன் என்னும் சொல் உண்மையில் இவருக்கும் பொருந்தும். ஏனெனில் இவர் இறந்து திரும்பியவர், அதுவும் முழுக் கணக்கோடு திரும்பியவர். அவர் ஏன் வந்தார், யாரிடம் முறையிட்டார், யார் செவிசாய்க்கவில்லை என்பதெல்லாம் படத்தில் நிதானமாகச் சொல்லப்படுகின்றன. அந்த முன்கதைப் பகுதியில் அரங்கில் விசில் சத்தம் இல்லை, அமைதிதான் இருந்தது. அந்த அமைதியைக் கைதட்டலைவிட உயர்ந்த பாராட்டாக நான் கருதுகிறேன்.

ஆயினும் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்சிராஜனின் துயரம் உண்மையானதாக இருக்கலாம், ஆனால் அவருடைய அறிவியல் நிறுவப்பட்டதன்று. படம் வெளிவரும் முன்பே, செல்பேசி நிறுவனங்களின் சங்கம் இப்படம் தவறான கருத்தைப் பரப்புவதாகத் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. நிறுவனங்கள் தம் நலனுக்காகப் பேசுவது இயல்பு, ஆகவே அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் பறவை ஆர்வலர்கள் திரட்டிய தகவல்களைக் கொண்டு 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும், சிட்டுக்குருவிகள் நாட்டளவில் ஏறத்தாழ நிலையாக உள்ளன, பெருநகரங்களில்தான் குறைந்துள்ளன என்கிறது. அதற்குக் கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும் கூறுகிறது. கூடு கட்ட இடமின்மையும், குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் கிடைக்காமையும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஓட்டு வீடுகள் இருந்த எங்கள் தெருவில் தாழ்வாரத்திலும் விளக்கு மாடத்திலும் குருவி கூடு கட்டியதைப் பார்த்தவன் நான். இப்போது எல்லாம் மாடி வீடுகள்.

எதிரியின் மேல் இரக்கம் கொள்வது வேறு, அவர் சொன்ன எல்லாவற்றையும் உண்மை என்று எடுத்துக்கொள்வது வேறு. நல்ல ரசிகருக்கு இரண்டும் தனித்தனியே தெரியவேண்டும்.

சில மறுப்புகள்

இக்கருத்துகளுக்கு எழக்கூடிய மறுப்புகளையும் பார்ப்போம்.

முதலாவது, 2.0 ஓர் எந்திரம், குற்றம் சிவப்பு சிப்பைச் சேர்ந்தது, எனவே கணக்கு என்று எதுவும் இல்லை என்பது. இது வலுவான வாதம். 'எந்திரன்' படத்தின் நீதிமன்றக் காட்சியே ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே படத்தில், குற்றம் போராவினுடையது என்று தெரிந்த பிறகும் சிட்டி கழற்றப்படுகிறது. தன்னால் நேர்ந்ததற்குச் சிட்டி வருந்தவும் செய்கிறது. குற்றம் இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று முதல் படம் நம்பியது. அந்த நம்பிக்கைதான் அதைப் பொம்மைக் கதையாக ஆகாமல் காத்தது.

இரண்டாவது, இது பொழுதுபோக்குப் படம், இதில் இவ்வளவு தேட வேண்டுமா என்பது. கூத்தும் பொழுதுபோக்குதான். விடியவிடியச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் அதில் உண்டு. ஆனாலும் அது கணக்கை விடவில்லை. சிரிப்பும் கேள்வியும் ஒரே மேடையில் இருக்க முடியும்.

மூன்றாவது, முப்பரிமாணக் காட்சியும் வரைகலையுமே '2.0' படத்தின் சாதனை, கதையை வைத்து அதை அளக்கக் கூடாது என்பது. அச்சாதனையை நான் மறுக்கவில்லை. செல்பேசிகள் அலையலையாகத் தெருவில் ஊர்ந்து வரும் காட்சியும், அவை ஒன்றுசேர்ந்து பேருருவப் பறவையாகும் காட்சியும் தமிழ்த் திரையில் முன்பு காணாதவை. ஆனால் வியப்பு ஒருமுறை பார்ப்பதற்கே போதுமானது. தொலைக்காட்சியின் சிறிய திரையில், முப்பரிமாணக் கண்ணாடி இல்லாமல், இரண்டாம் மூன்றாம் முறை பார்க்கும்போது எஞ்சுவது கதைதான்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வையும் படித்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு தோன்றும். முதல் நாவலில் ஜீவா என்னும் சர்வாதிகாரி வெறும் பிம்பம் என்று தெரியவருகிறது. இரண்டாம் நாவலில் நிலா பெயருக்கு அரசியாக இருக்க, அதிகாரம் பின்னால் இருப்பவர்களிடம் தொடர்கிறது. முகம் போய்விட்டது, ஆட்சியின் முறை மட்டும் திரும்பி வந்துவிட்டது என்பதைச் சுஜாதா வாசகருக்குக் காட்டினார். '2.0' படத்திலும் அதுவே நடந்தது, ஆனால் படம் அதைக் கவனிக்கவில்லை.

மாணவர்களுக்கு

அடுத்த முறை ஒரு தொடரிலோ படத்திலோ பழைய வில்லன் திரும்பி வரும்போது தயங்காமல் கைதட்டுங்கள். கூத்துத் திரைக்குப் பின்னால் சலங்கை ஒலித்தபோது உங்கள் பாட்டனும் பாட்டியும் அதைத்தான் செய்தார்கள். பிறகு மூன்று கேள்விகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் முன்பு செய்தது கதையில் யாருக்காவது நினைவிருக்கிறதா? அவன் இப்போது வெல்லும் முறை, முன்பு நாம் வெறுத்த முறையிலிருந்து வேறுபட்டதா? அந்த வெற்றிக்கு விலை கொடுப்பது யார்?

மூன்றாவது கேள்வியை நான் நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய்யாகும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் வீட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். அன்று அவளுக்கு நான், "அது படம்தானேம்மா" என்று பதில் சொல்லிச் சமாளித்தேன். அவளுக்குத் தந்திருக்க வேண்டிய பதில்தான் இக்கட்டுரை.